பார்த்தெனானில் சாமி எங்கே இருந்தது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகள் சென்ற ஏப்ரலில் என்னை ஏதென்ஸுக்கு அழைத்துப் போனாள். சிறுவயதில் பாடப்புத்தகத்தில் பார்த்த பார்த்தெனானை நேரில் பார்க்கப் போகிறோம் என்று மிகுந்த ஆசையோடு குன்றில் ஏறினேன். மேலே போய் நின்றபோது மனத்தில் ஒன்றுமே தோன்றவில்லை. கும்பகோணத்தில் பூசை நின்றுபோன கோயிலுக்குள் போனால்கூடக் கை தானாகக் கூப்பிவிடும். இங்கே கை எழவில்லை. கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் முழுக்கச் சாரம். தூண்களுக்கு நடுவே வெற்று வானம்.

என் மகளுக்கு என்மேல் வருத்தம். "உலகத்திலேயே அழகான கட்டடம், உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா?" என்று கேட்டாள். எனக்கோ வேறு கேள்விகள். அங்கே சாமி எங்கே இருந்தது? மக்கள் எங்கே நின்று கும்பிட்டார்கள்? உள்ளே இடத்தைச் சுருக்கிக்கொண்டு வெளியே எதற்கு இத்தனை தூண்கள்? வழிகாட்டி ஒருவர், இந்தக் கட்டடத்தில் நேர்க்கோடே கிடையாது என்றார். அது உண்மையா, பயணிகளுக்காகச் சொல்லும் கதையா?

வெயில் தாங்காமல் பக்கத்திலிருந்த சிறிய கோயிலின் அருகே வந்து நின்றபோது மகள் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு சிசிலிக்குப் போகலாம், அங்கேயும் கிரேக்கக் கோயில்கள் இருக்கின்றன என்கிறாள். போவதா என்று யோசிக்கிறேன்.

ம.லெ.
கும்பகோணம்

*

அன்புள்ள ம.லெ. அவர்களுக்கு,

கை கூப்பத் தோன்றவில்லையே என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை. நீங்கள் நின்ற இடத்தில் நின்று எந்தக் கிரேக்கனும் பூசை செய்ததில்லை.

அக்ரோபோலிஸ் குன்றின் வாசல் மேற்கே இருக்கிறது. படியேறி வாசலைக் கடந்ததும் வலக்கைப் பக்கம் தெரிவது பார்த்தெனானின் பின்புறம். முன்வாசல் கிழக்கே. அந்தக் காலத்து ஊர்வலமும் இதே வாசல் வழியாகத்தான் வந்தது. ஆனால் அது பின்புறத்தில் நின்றுவிடாமல், கோயிலை வலப்பக்கம் விட்டு, குன்றின் வடகிழக்கு வரை நடந்தது. அங்கே வெட்டவெளியில் இருந்தது ஊரின் காவல் தெய்வமான ஏதெனாவின் பலிபீடம். தெய்வத்தோடு மனிதர்கள் பேசிய இடம் அதுதான். இன்று அங்கே பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அதனால் வழிகாட்டிகள் யாரும் அங்கே நிற்பதில்லை.

கோயிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'நவோஸ்'. 'குடியிருத்தல்' என்ற வினையிலிருந்து வந்தது. தெய்வம் குடியிருக்கும் வீடு. அதைச் சூழ்ந்த புனித நிலத்துக்குப் பெயர் 'தெமெனோஸ்', வெட்டிப் பிரித்த நிலம். எல்லைக் கல் நட்டு, ஊர் நிலத்திலிருந்து தெய்வத்துக்கென்று பிரித்துக் கொடுத்தது. இந்த நிலமும் ஒரு பலிபீடமும் இருந்தால் வழிபாட்டுக்குப் போதும். வீடு பிறகு வரலாம், வராமலும் போகலாம். ஒலிம்பியாவில் தெய்வங்களின் அரசனான ஜீயஸுக்குப் பெரிய கோயில் கட்டி முடித்தது ஏறக்குறைய கி.மு. 456இல். அங்கே நடந்த விளையாட்டுத் திருவிழாவுக்குக் கிரேக்கர்கள் சொல்லும் தொடக்க ஆண்டு கி.மு. 776. அதாவது முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஜீயஸ் அங்கே தமக்கென்று பெரிய வீடில்லாமல் பூசை பெற்றுக்கொண்டிருந்தார்.

அந்த ஒலிம்பியா பலிபீடத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அது கல்லில் கட்டியதன்று, சாம்பல். பலியிட்ட விலங்குகளின் தொடை எலும்புகள் எரிந்த சாம்பலை ஆண்டுக்கு ஒரு முறை, குறிப்பிட்ட ஒரு நாளில், ஆல்ஃபியஸ் ஆற்றுத் தண்ணீரில் குழைத்துப் பீடத்தின்மேல் பூசுவார்கள். வேறெந்த ஆற்றுத் தண்ணீரும் கூடாது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சுற்றி எழுதிய பாசனியாஸ் அதைப் பார்த்தபோது 22 அடி உயரம் வளர்ந்திருந்தது. கோயிலின் தூண்கள் பூகம்பத்தில் விழுந்து, இன்றும் அடுக்குக் குலைந்த காசுகளைப் போல வரிசையாகக் கிடக்கின்றன. சாம்பல் பீடத்தின் சுவடே இல்லை. எது மிகப் புனிதமாக இருந்ததோ அது மழையோடு போய்விட்டது. கிரேக்கக் கோயில்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நேரும் இழப்பு எப்போதும் இதுதான். வீடு எஞ்சியிருக்கிறது, அடுப்பு அணைந்து கரைந்துவிட்டது.

பலி நாளில் என்ன நடந்தது என்பது நன்றாகத் தெரியும். கூடை சுமந்த ஓர் இளம்பெண் முன்னால் வருவாள். கூடையில் வாற்கோதுமை, அதற்கு அடியில் மறைவாகக் கத்தி. மாட்டின்மேல் தண்ணீர் தெளிப்பார்கள், தானியம் தூவுவார்கள். நெற்றி மயிரில் கொஞ்சம் அறுத்துத் தீயில் இடுவார்கள். கழுத்தில் கத்தி படும் கணத்தில் சூழ நிற்கும் பெண்கள் எல்லோரும் குலவையிடுவார்கள். ஆம், நம் குலவைதான். நாவை அசைத்து எழுப்பும் அதே ஒலி. நூல்களில் அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். பிறகு தொடை எலும்பைக் கொழுப்பில் சுற்றி எரிப்பார்கள். புகை தெய்வத்துக்கு, இறைச்சி மனிதருக்கு. தெய்வத்துக்கு எலும்பும் மனிதருக்குச் சதையும் வந்த கதையைப் பழங்கவிஞர் ஹெஸியட் சொல்கிறார்: எலும்பைப் பளபளக்கும் கொழுப்பில் மூடி வைத்து ஜீயஸை எடுக்கச் செய்தவன் புரோமிதியூஸ். ஏதெனாவின் பெரிய திருவிழாவில் நூறு மாடுகள் வரை பலியிட்டு, இறைச்சியை ஊருக்குப் பங்கிட்டார்கள். ஏழை வீட்டில் மாட்டிறைச்சி சமைக்கும் நாள் அது.

பலிபீடம் பெரும்பாலும் கோயிலுக்குக் கிழக்கே இருக்கும். கோயிலின் பெரிய கதவுகளைத் திறந்துவைப்பார்கள். உள்ளே இருக்கும் தெய்வம் தனக்கு நடக்கும் பூசையைத் தன் வீட்டு வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே நம் ஊர்க் கணக்கில் பார்த்தால் எல்லாம் திரும்பிக் கிடக்கிறது. நாம் தெய்வத்தைப் பார்க்க உள்ளே போகிறோம். அங்கே தெய்வம் வெளியே இருக்கும் மக்களைப் பார்த்தது.

இனி உங்கள் முதல் கேள்வி. பார்த்தெனானுக்குள் சாமி இருந்தது. கி.மு. 438இல் அதை நிறுவினார்கள். ஃபிடியாஸ் செய்த ஏதெனா. ஏறக்குறைய 12 மீட்டர் உயரம். மரச்சட்டத்தின்மேல் முகமும் கைகளும் தந்தத்தில், உடை பொன்னில். அவள் வலக்கையில் நின்ற வெற்றித் தெய்வமே ஆள் உயரத்துக்கு மேல். நடுவே அந்தச் சிலையைத் தாங்கிய மரத்தை நட்ட சதுரக் குழி இன்னும் தரையில் இருக்கிறது. கயிற்றுக்கு இப்பால் நின்ற உங்களுக்கு அது தெரிந்திருக்காது. சிலைக்கு முன்னால் ஆழமில்லாத நீர்த்தொட்டி ஒன்று. குன்றின்மேல் காற்று உலர்ந்தது என்பதால் தந்தம் வெடிக்காமல் இருக்கத் தண்ணீர் வைத்தார்கள் என்று பாசனியாஸ் எழுதுகிறார். ஒலிம்பியாவில் ஃபிடியாஸ் செய்த ஜீயஸுக்கு நேர்மாறாக எண்ணெய். அந்த இடம் சதுப்பு நிலம். கிழக்கு வாசலின் இருபுறமும் ஜன்னல்கள் இருந்தன. காலை வெயில் கதவு வழியாகவும் ஜன்னல்கள் வழியாகவும் வந்து தண்ணீரில் பட்டுப் பொன்மேல் ஏறும். கூரை போய், சுவர் போய், நீங்கள் பார்த்த அந்த வெற்று வானத்தில் இதையெல்லாம் வைத்துப் பாருங்கள்.

ஆனாலும் உங்கள் உணர்வில் ஓர் உண்மை இருக்கிறது. அந்தப் பொன் ஏதெனா, ஊரார் உயிரை வைத்திருந்த தெய்வம் அல்ல. அவளுக்கென்று தனிப் பூசாரினி இருந்ததாகத் தெரியவில்லை. அவள் மேனியில் இருந்த பொன்னைக் கழற்றும்படியாகவே செய்திருந்தார்கள். ஸ்பார்ட்டாவோடு போர் தொடங்கியபோது ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் நாட்டின் செல்வத்தைக் கணக்குப் பார்த்துச் சொன்னார்: சிலையில் 40 தாலந்து தூய பொன் இருக்கிறது, தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம், பிறகு திருப்பிவைத்துவிட வேண்டும். ஆயிரம் கிலோவுக்கு மேல் வரும் பொன். தெய்வமே கருவூலமாகவும் இருந்தது.

உயிரை வைத்திருந்த தெய்வம் பக்கத்தில் இருந்தது. நீங்கள் வெயிலுக்கு ஒதுங்கினீர்களே, அந்தச் சிறிய கோயில்தான். எரெக்தியம் என்று பெயர். அங்கே ஒலிவ மரத்தில் செய்த ஏதெனா இருந்தாள். மிகப் பழைய வடிவம். யார் செய்தது என்று ஊருக்கு நினைவில்லை. வானத்திலிருந்து விழுந்தது என்றார்கள். நான்காண்டுக்கு ஒரு முறை வந்த பெருந்திருவிழாவில் ஊர்வலம் சுமந்து வந்த புதுத் துணி அவளுக்குத்தான். ஒன்பது மாதங்களுக்கு முன்பே தறியில் பாவு ஏற்றி, தெய்வங்கள் அரக்கர்களோடு செய்த போரை அதில் நெய்வார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் சிலையின் உடையைக் களைந்து, திரையிட்டு, ஒரு குறிப்பிட்ட குடும்பத்துப் பெண்கள் நீராட்டுவார்கள். தெய்வம் மறைந்திருக்கும் நாள் என்பதால் அன்று யாரும் நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள். நாடு கடத்தப்பட்டிருந்த தளபதி அல்சிபியாடிஸ் பல ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பிய நாள் அந்த நாளாக அமைந்துவிட்டது. துறைமுகத்தில் வரவேற்கக் கூடியவர்களில் பலருக்கு உள்ளுக்குள் கலக்கம். அவர் நெடுநாள் நிலைக்கவும் இல்லை. இந்தத் தெய்வத்தின் பூசாரினிப் பொறுப்பு ஒரு பழைய குலத்துப் பெண்களுக்கு உரியது. லிசிமாக்கி என்ற ஒருத்தி 64 ஆண்டுகள் அதில் இருந்தாள். அரசுப் பதவி எதுவும் பெண்களுக்கு இல்லாத ஊரில், 64 ஆண்டுகள்!

ஆக, பெரிய கோயில் ஊரின் பெருமைக்கு, சிறிய கோயில் ஊரின் பக்திக்கு என்று சொன்னால் கொஞ்சம் மிகையாகத்தான் இருக்கும். இருந்தாலும் நான் அப்படித்தான் எண்ணிக்கொள்கிறேன்.

மக்கள் உள்ளே போகவே மாட்டார்களா என்றால், போனார்கள். தெய்வத்தைப் பொறுத்து, ஊரைப் பொறுத்து. எபிடாரஸில் மருத்துவத் தெய்வமான அஸ்கிலிபியஸின் வளாகத்தில் நோயாளிகள் இரவு படுத்துறங்கினார்கள். கனவில் தெய்வம் வந்து குணப்படுத்தியதைக் கல்வெட்டாக எழுதிவைத்தார்கள். எலியூசிஸில் டெமிட்டரின் மறைச் சடங்குக்கு ஆயிரக்கணக்கானோர் அமரும் பெரிய மண்டபம் இருந்தது. அங்கே மக்கள் உள்ளேதான் கூடினார்கள், கண்டதை வெளியே சொல்லக்கூடாது என்ற உறுதியோடு. அதைச் சொன்னவனுக்கு மரணம் தண்டனை. இடத்தைத் தேர்வதிலும் தெய்வத்தின் இயல்பு பேசியது. கடல் தெய்வமான பொசைடனின் கோயில் சூனியன் என்ற கடல்முனையில், மாலுமிகள் நெடுந்தொலைவிலிருந்தே காணும்படி. கொல்லர்களின் தெய்வமான ஹெஃபைஸ்டஸின் கோயில் ஏதென்ஸ் சந்தை மேட்டில், உலோகத் தொழிலாளர்களின் பட்டறைகளுக்கு மேலே. பாஸே என்ற இடத்தில் அப்பல்லோவுக்கு ஏறக்குறைய 1,130 மீட்டர் உயரத்தில், பக்கத்தில் ஊரே இல்லாத மலையில் கோயில். பார்த்தெனானைக் கட்டிய இக்டினஸ்தான் அதையும் கட்டினார் என்கிறார் பாசனியாஸ்.

தூண்களுக்கு வருகிறேன். உள்ளே கூட்டத்துக்கு இடம் தேவையில்லை. பார்ப்பவர்கள் எல்லோரும் வெளியே நிற்கிறார்கள். அப்படியானால் கட்டடத்தின் முகம் வெளிப்புறம்தான். அதை நான்கு பக்கமும் முகமாக்கின தூண் வரிசைகள். முதலில் அவை மரம். ஒலிம்பியாவில் ஜீயஸின் மனைவி ஹீராவின் கோயில் கி.மு. 600 வாக்கில் கட்டியது. அதன் தூண்கள் முதலில் மரத்தில் இருந்தன. ஒவ்வொன்றாக மாற்றியபோது அந்தந்தக் காலத்துப் பாணியில் கல்தூண் நட்டார்கள். அதனால் அங்கே ஒரு தூண் போல் இன்னொன்று இல்லை. தடிமனும் வேறு, தலைப்பகுதியும் வேறு. எழுநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்துப் பாசனியாஸ் போனபோது, கோயிலின் பின்னறையில் ஒரு தூண் மட்டும் இன்னும் ஓக் மரமாகவே நின்றுகொண்டிருந்தது. அதை ஏன் மாற்றாமல் விட்டார்கள்? உளுத்துப்போகவில்லை என்பதாலா, இது ஒன்றாவது இருக்கட்டும் என்று யாரோ நினைத்ததாலா? கிரேக்கக் கட்டடக்கலையில் நான் நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று ஏங்கும் பொருள் ஒன்றே ஒன்று என்றால், பார்த்தெனானின் பொன் சிலையைச் சொல்ல மாட்டேன். இந்த ஓக் தூணைத்தான் சொல்வேன்.

அதே கோயிலின் சுவர், அடியில் கல், மேலே பச்சை மண் செங்கல். கூரை விழுந்த பிறகு செங்கல் மழையில் கரைந்து களிமண்ணாகத் தரையை மூடிக்கொண்டது. 1877இல் தோண்டியபோது, அந்தக் களிமண் மெத்தையில், குழந்தை டயோனிசஸைக் கையில் ஏந்திய ஹெர்மிஸின் பளிங்குச் சிலை முகம் சிதையாமல் கிடைத்தது. மண்சுவர் கரைந்து சிலையைக் காப்பாற்றியிருக்கிறது.

மரத்திலிருந்து கல்லுக்கு மாறியபோது தச்சனின் கைவேலையைக் கல்தச்சன் விடாமல் கொண்டுவந்தான். தூண்களுக்கு மேல் உத்திரம், உத்திரத்துக்கு மேல் மூன்று பட்டைகளாகச் செதுக்கிய கட்டைகள் வரிசையாக வருவதைக் கவனித்திருப்பீர்கள். விட்டங்களின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததன் நினைவு அது என்கிறார் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ். அவற்றுக்கு அடியில் மர ஆணிகளைப் போன்ற சிறு குமிழ்கள். இந்த நினைவு ஒரு பெரிய தலைவலியையும் கூட்டிவந்தது. ஒவ்வொரு மூன்றுபட்டைக் கட்டையும் தூணின் நடுவுக்கு நேர் மேலே வர வேண்டும். வரிசையின் கடைசிக் கட்டை மூலையில் முடிய வேண்டும். மூலைத்தூணில் இரண்டும் சேர்ந்து நடக்காது. நடுவுக்கு நேரே வைத்தால் மூலை காலியாகிறது. மூலைக்குத் தள்ளினால் இடைவெளி கூடுகிறது. தலைமுறை தலைமுறையாக இதோடு போராடி, கடைசித் தூணை உள்ளே நகர்த்தி இடைவெளியைச் சுருக்கினார்கள். பார்த்தெனானின் மூலையில் போய் நின்றால் கடைசி இரண்டு தூண்கள் மற்றவற்றைவிட நெருங்கி நிற்பது கண்ணுக்கே தெரியும். எந்தத் தெய்வமும் கேட்காத ஒழுங்குக்காக இவ்வளவு பாடு.

உங்கள் வழிகாட்டி சொன்னது கதை இல்லை. தூண்கள் நிற்கும் மேல்தளம் 69.5 மீட்டர் நீளம், 30.9 மீட்டர் அகலம். நீளவாட்டில் நடுப்பகுதி ஓரங்களைவிட ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது, அகலவாட்டில் 6 சென்டிமீட்டர். ஒரு முனையில் குனிந்து படியின் விளிம்போடு கண்ணை ஓட்டினால் வளைவு தெரியும். தூண்கள் நிமிர்ந்து நிற்பதுபோல் தோன்றினாலும் எல்லாம் சற்றே உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. மேலே போகப்போக ஒடுங்கும் தூணின் பக்கவாட்டில் மெல்லிய ஒரு புடைப்பு இருக்கிறது. மூலைத்தூண்கள் மற்றவற்றைவிடத் தடிமன். தளத்தைச் சமமாக வைத்தால் கண்ணுக்குக் குழிந்து தோன்றும், அதற்காகத்தான் இந்த மேடு என்பது விட்ருவியஸ் தரும் காரணம். மழைநீர் வடிவதற்கும் அது உதவியது. எனக்கு இந்தக் காரணங்கள் போதவில்லை. கல்லுக்கு உயிர் இருப்பதுபோல் ஒரு விறைப்பு வேண்டும் என்று யாரோ விரும்பியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். மூட்டை தூக்குகிறவனின் கைச்சதை புடைப்பதுபோல.

இதன் விளைவு என்ன என்று பாருங்கள். தளம் வளைந்திருக்கிறது, தூண் சாய்ந்திருக்கிறது. ஆகவே ஒரு தூணின் உருளைக்கல் இன்னொரு தூணுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு கல்லையும் அது உட்காரப்போகும் இடத்துக்கென்றே அறுக்க வேண்டும். சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் பெண்டலிக்கான் மலையில் வெட்டி, வண்டியில் கொண்டுவந்து, உருளைகளின் விளிம்பை மட்டும் கண்ணாடிபோல் இழைத்து, நடுவில் மரக்கட்டை செருகி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார்கள். தூணில் நெடுக ஓடும் பள்ளங்களைக் கடைசியில்தான், தூண் நின்ற பிறகு, செதுக்கினார்கள். சிசிலியில் செகெஸ்டாவில் பாதியில் நின்றுபோன கோயிலில் தூண்கள் பள்ளமில்லாமல் மொழுமொழுவென்று இருப்பதைக் காணலாம். பார்த்தெனானின் முகப்பு முக்கோணத்தில் வைத்த சிலைகளுக்கு முதுகுப் புறத்தையும் முழுதாகச் செதுக்கியிருக்கிறார்கள். சுவரை ஒட்டி அவ்வளவு உயரத்தில் வைத்த சிலையின் முதுகை எந்த மனிதக் கண்ணும் பார்க்கப்போவதில்லை.

அந்தப் புடைப்பை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பது 1979 வரை ஊகமாகத்தான் இருந்தது. இன்றைய துருக்கியில் டிடிமா என்ற இடத்தில் அப்பல்லோவுக்கு ஒரு மாபெரும் கோயில் இருக்கிறது. தூண்கள் ஏறக்குறைய 20 மீட்டர் உயரம். லோதர் ஹாசல்பெர்கர் என்ற ஆய்வாளர் அதன் உள்சுவர்களில் மயிரிழைக் கோடுகளைக் கண்டார். சுவரில் கீறிய வரைபடங்கள். தூணின் அகலத்தை உள்ளபடியே வைத்து, உயரத்தை மட்டும் ஓர் அடிக்கு ஒரு விரற்கடை என்று பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கி, பக்கவாட்டில் ஒரு வில்லை வரைந்திருக்கிறார்கள். கல்தச்சன் அந்தக் கோட்டிலிருந்து எந்த உயரத்துக்கு எவ்வளவு அகலம் என்று நேரே அளந்துகொள்ளலாம். இந்தக் கோடுகள் பிழைத்ததற்குக் காரணம் கோயில் முடியாமல் நின்றதுதான். முடிந்திருந்தால் சுவரை இழைத்து மெருகேற்றும்போது எல்லாம் அழிந்திருக்கும். மற்ற கோயில்களில் அப்படித்தான் அழிந்தது.

உங்கள் கண்ணை உறுத்திய சாரத்துக்கும் இதோடு தொடர்பு உண்டு. பழைய தச்சர்கள் கற்களை இரும்புப் பற்றுகளால் பிணைத்து, இரும்பைச் சுற்றி ஈயம் காய்ச்சி ஊற்றினார்கள். ஈரம் உள்ளே போகாது, துரு ஏறாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக்கோலாஸ் பலானோஸ் என்ற பொறியாளர் விழுந்த தூண்களை எடுத்து நிறுத்தியபோது, ஈயமில்லாத இரும்பை வைத்தார். இரும்பு துருப்பிடித்து வீங்கி, 2,000 ஆண்டுகள் தாங்கிய பளிங்கைச் சில பத்தாண்டுகளில் பிளந்தது. உருளைகளையும் இடம் மாற்றி அடுக்கியிருந்தார். 1975இல் ஒரு குழு அமைந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கல்லாக இறக்கி, இரும்பை எடுத்து, டைட்டானியம் வைத்து, கல்லின் உண்மையான இடத்தைக் கண்டுபிடித்து ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு கல்லும் ஒரே ஓர் இடத்துக்குத்தான் பொருந்தும் என்பதால் அந்தத் தேடல் முடிகிறது. மனோலிஸ் கோரெஸ் என்ற கட்டடக் கலைஞர் இதற்காகத் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டார். அடுத்த முறை சாரத்தைப் பார்த்தால் எரிச்சல் கொள்ளாதீர்கள். அங்கே இன்று நடக்கும் பூசை அதுதான்.

அழகைச் சொல்லிவிட்டு இன்னொன்றை மறைக்கக் கூடாது. பார்த்தெனான் கட்டிய காலத்தில் ஏதென்ஸின் கையில், பாரசீகரை எதிர்க்கக் கூட்டாளி நகரங்கள் செலுத்திய கப்பமும் இருந்தது. கி.மு. 454இல் அந்தக் கூட்டணியின் கருவூலத்தை டெலோஸ் தீவிலிருந்து ஏதென்ஸுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அடுத்தவர் பணத்தில் நகரம் நகை பூட்டிக்கொள்கிறது என்று அன்றே ஏதென்ஸில் எதிர்ப்பு எழுந்ததைப் பிற்கால எழுத்தாளர் புளூட்டார்க் பதிவு செய்திருக்கிறார். அந்த எதிர்ப்பு நியாயமானது. எரெக்தியத்தின் கூலிக் கணக்கு கல்லில் பொறித்துக் கிடைத்திருக்கிறது. குடிமகன், வெளியூரான், அடிமை என்று மூவகையினரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறார்கள். மூவருக்கும் நாட்கூலி ஒரு டிராக்மா வெள்ளிக்காசு என்று ஒரே அளவு. அடிமையின் டிராக்மா அவன் எசமானனிடம் போயிருக்கும். அதே கணக்கில், சுவர்ப்பட்டையில் கவசத்துக்குப் பக்கத்தில் நிற்கும் இளைஞன் ஒருவனைச் செதுக்க 60 டிராக்மா என்று ஒரு வரி வருகிறது. இந்த ஒரு வரி எனக்குப் பார்த்தெனானைப் பற்றிய நூறு புகழுரைகளைவிடப் பெரிது.

நீங்கள் கண்ட வெறுமைக்கு ஒரு தேதி இருக்கிறது: 1687 செப்டம்பர் 26. ஏதெனாவின் கோயில், ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்குப் பின் கன்னி மரியாளின் தேவாலயமானது. அப்படியே இன்னொரு 900 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் மசூதியானது. அதுவரையிலும் அந்த இடத்தில் யாராவது ஒரு தெய்வத்தைத் தொழுதுகொண்டேதான் இருந்தார்கள். 1687இல் அந்த நாளில் குன்றை முற்றுகையிட்ட வெனிஸ் படையின் குண்டு, துருக்கியர் உள்ளே வைத்திருந்த வெடிமருந்தில் விழுந்தது. நடுப்பகுதி முழுவதும் சிதறியது. அங்கே தஞ்சம் புகுந்திருந்த சுமார் 300 பேர் இறந்ததாகச் சொல்கிறார்கள். எஞ்சிய சிற்பங்களில் பாதியளவை 1801 முதல் பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு பெயர்த்துக்கொண்டு போனார். அவை லண்டனில் இருக்கின்றன. திரும்ப ஏதென்ஸுக்கு வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளை நிறமும் பின்னால் வந்ததுதான். அந்தக் காலத்தில் நீலமும் சிவப்பும் பொன்னுமாகப் பூசியிருந்தார்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிறிய கோயிலின் மேற்குச் சுவரை ஒட்டி உங்களுக்குப் பின்னால் ஒரு மரம் நிற்கிறது. அது ஒலிவ மரம். இந்த ஊர் யாருக்கு என்று ஏதெனாவும் பொசைடனும் போட்டியிட்டார்கள். பொசைடன் சூலத்தால் பாறையில் குத்தி உப்புநீர் ஊற்றெடுக்கச் செய்தார். ஏதெனா ஒலிவ மரத்தை முளைக்கச் செய்தாள். ஊர் அவளுக்கு ஆயிற்று. கி.மு. 480இல் பாரசீகர் குன்றைக் கொளுத்தியபோது அந்த மரமும் எரிந்தது. மறுநாள் பலியிடப் போனவர்கள், கரிந்த அடிமரத்திலிருந்து ஒரு முழத் தளிர் வந்திருப்பதைக் கண்டார்கள் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். இப்போது நிற்பது பின்னாளில் யாரோ நட்ட மரம். ஆனால் அங்கே ஒரு ஒலிவ மரம் நிற்க வேண்டும் என்பது பழைய முறை. நீங்கள் தேடிய சாமி அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. வெயில் உங்களைச் சரியான இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது.

சிசிலிக்குக் கட்டாயம் போங்கள். சிராகூஸ் ஊரில் பேராலயம் ஒன்று இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் சுவருக்குள் பாதி புதைந்து, பார்த்தெனானில் பார்த்த அதே டோரிக் பாணியில், தடித்த தூண்கள் நிற்கும். அவை கி.மு. 480க்குப் பிறகு ஏதெனாவுக்குக் கட்டிய கோயிலின் தூண்கள். 7ஆம் நூற்றாண்டில் தூண்களின் இடைவெளிகளைச் சுவரெழுப்பி அடைத்துத் தேவாலயம் ஆக்கினார்கள். அங்கே இன்றும் விளக்கு எரிகிறது, மக்கள் முழந்தாளிட்டிருக்கிறார்கள். அந்தத் தூண்களுக்கு நடுவே உங்கள் கை எழும் என்று நம்புகிறேன்.

பழைய நாளில் அந்தக் கோயிலின் உச்சியில் பொன்முலாம் பூசிய ஒரு கேடயம் இருந்ததாம். சிராகூஸை விட்டுக் கப்பல் புறப்படும்போது மாலுமிகள் கரையிலிருந்த ஒரு பலிபீடத்திலிருந்து கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்கள். திரும்பித் திரும்பிக் கேடயத்தைப் பார்த்துக்கொண்டே போவார்கள். அது கண்ணுக்கு மறையும் இடம் வந்ததும், பூவும் தேனடையும் சாம்பிராணியும் சேர்த்துக் கிண்ணத்தைக் கடலில் விடுவார்கள்.

அன்புடன்.